யாழ்ப்பாணத்தில் மெதனோல்: வாங்குவது முதல் கழிப்பது வரை, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

இறுதியாண்டு ஆய்வுக்கு இலைச் சாறு எடுக்கப்போகிற மாணவர், பாடசாலை ஆய்வுகூடத்தைப் புதிதாகப் பொறுப்பெடுத்த ஆசிரியர், பாவித்த தேங்காயெண்ணெயில் பயோடீசல் செய்து பார்க்க நினைக்கிற சிறு தொழில்காரர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். மெதனோல் நச்சான ஓர் அற்ககோல், கூடவே மலிவான, நல்ல கரைப்பான். நீரோடும் கலக்கும், பல சேதனப் பொருட்களையும் கரைக்கும், இலகுவில் ஆவியாகிப் போய்விடும். ஆனால் எங்கள் ஊர் வெப்பத்தில் அது நடந்துகொள்ளும் விதத்தைக் குளிர்நாட்டுப் பாடப்புத்தகத்தை மட்டும் படித்து விளங்கிக்கொள்ள முடியாது. ஆகவே வாங்குவதற்கு முன்பே முதலாவது பகுதியை வடிவாகப் படியுங்கள்.

1. போத்தலுக்குள் இருப்பது என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

மெதனோல் 64.7 பாகை செல்சியசில் கொதிக்கும். அதைவிட முக்கியமான எண் 11. ஏறத்தாழ 11 பாகையிலேயே அதன் ஆவி தீப்பொறி பட்டால் பற்றும் அளவுக்கு வந்துவிடும். யாழ்ப்பாணத்தில் மார்கழி விடியலிலும் வெப்பநிலை அவ்வளவு இறங்காது. எனவே இங்கே திறந்திருக்கும் எந்த மெதனோல் பாத்திரமும் எந்த நேரமும் பற்றக்கூடியது.

இன்னொரு விடயம் பலருக்குத் தெரியாது. மெதனோல் ஆவி காற்றில் 6 வீதத்திலிருந்து 36 வீதம் வரை கலந்திருந்தால் பற்றும். பெற்றோலுக்கு இந்த எல்லை ஏறத்தாழ 1.4 முதல் 7.6 வீதம் வரைதான். பெற்றோல் தாங்கிக்குள் ஆவி அந்த மேல் எல்லையையும் தாண்டி அடர்த்தியாக இருப்பதால் உள்ளே தீ பரவுவது அரிது. மெதனோல் அப்படியல்ல. 30 பாகையில் மூடிய போத்தலின் வெற்றிடத்தில் ஆவி ஏறத்தாழ 21 முதல் 22 வீதம் வரை இருக்கும், அதாவது பற்றும் எல்லையின் நட்டநடுவில். 11 பாகைக்கும் ஏறத்தாழ 41 பாகைக்கும் இடையில் பாதி காலியான மெதனோல் போத்தலுக்குள் வெடிக்கக்கூடிய கலவை எப்போதும் தயாராக இருக்கிறது. எங்கள் வருடம் முழுவதும் அந்த இடைவெளிக்குள்தான் கழிகிறது.

எரிந்துகொண்டிருக்கும் சுவாலைக்கு மேல் போத்தலிலிருந்து மெதனோலை ஊற்றினால் தீ வாய் வழியாக உள்ளே புகும். உள்ளே இருக்கும் கலவை பற்றி, திரவத்தைத் தீயோடு பல அடி தூரத்துக்குப் பீய்ச்சும். வெளிநாட்டுப் பாடசாலைகளில் பிள்ளைகள் எரிகாயப்பட்ட விபத்துகள் பலவும் இப்படித்தான் நடந்தன. ஊற்றியவரை விட, எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள்தான் அவற்றில் கூடுதலாகக் காயப்பட்டார்கள்.

2. மெதனோல்தான் வேண்டுமா, எந்தத் தரம் வேண்டும்

சாறு பின்னர் மனிதரோ விலங்கோ உட்கொள்ளப் போகிறது என்றால் எதனோல்–நீர் கலவைக்குப் போங்கள். மருந்துப் பொருட்களில் எஞ்சியிருக்கக்கூடிய மெதனோலுக்கு 3000 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 3000 பங்கு) என்று சர்வதேச வரையறை இருக்கிறது. வீட்டு முறையில் ஆவியாக்கி அந்த அளவுக்குக் கீழே வந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. அமிலம் உள்ள சாறை மெதனோலில் சூடாக்கினால் அந்தத் தாவரத்தில் இல்லாத மெதைல் எசுத்தர்கள் புதிதாக உண்டாகும். தாவரத்தில் கண்டுபிடித்ததாக நீங்கள் எழுதும் சேர்வை உங்கள் குடுவையிலேயே பிறந்ததாக இருக்கலாம்.

தரத்தைத் தேவைக்கேற்பத் தெரிவு செய்தால் பணம் மிஞ்சும். பாத்திரம் கழுவவும் பயோடீசலுக்கும் தொழிற்றரம் போதும், ஆனால் பயோடீசலுக்கு எடுப்பதில் நீர் இருக்கக்கூடாது. சாறு எடுக்கவும், சாறைத் தட்டில் பிரித்துப் பார்க்கும் மெல்லிய படலக் குரோமற்றோகிராபிக்கும் ஆய்வுகூடத் தரம் போதும். கலவையிலுள்ள பொருட்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவிக்கு மட்டும் எச்.பி.எல்.சி. தரம் வேண்டும். தூய மெதனோல் 205 நனோமீற்றருக்கு மேற்பட்ட அலைநீள ஒளியைத் தன்னூடாக விட்டுவிடும், மலிவான தரத்திலுள்ள மாசுகள் அந்தப் பகுதியில் கருவியின் வரைபடத்தில் போலி உச்சங்களைக் காட்டும். விலை வித்தியாசம் பெரிது. 2.5 லீற்றர் எச்.பி.எல்.சி. போத்தலை வாங்கி இலை ஊறவைப்பது வீண் செலவு.

நுணுக்குக்காட்டியில் பார்க்கும் குருதிப் பூச்சைச் சாயமிடுமுன் பதப்படுத்த ஓரிரு நிமிடங்கள் மெதனோலில் அமிழ்த்துவார்கள். அதற்கு நீரற்ற மெதனோல் அவசியம். எங்கள் ஈரக்காற்றில் திறந்து வைத்த போத்தல் நீரை உறிஞ்சும். நீர் ஏறிய மெதனோலில் செங்குழியங்கள் உருக்குலைந்து தெரியும். சாயத்தைப் பழி சொல்வதற்கு முன் போத்தலை மாற்றிப் பாருங்கள்.

3. கடிதங்களும் கோப்பும்

கொள்வனவுக்கு முன் ஒரு கோப்பில் இவை இருக்கட்டும்:

நிறுவனக் கடிதத்தாளில் தேவைக் கடிதம். என்ன வேலைக்கு, எத்தனை லீற்றர், எங்கே களஞ்சியப்படுத்துவது, யார் பொறுப்பு என்ற நான்கும் அதில் வர வேண்டும். “ஆய்வுத் தேவைக்கு” என்று மட்டும் எழுதினால் திரும்பி வரும்.

பாதுகாப்புத் தரவுத்தாள். விற்பனையாளரிடம் கேட்டே வாங்குங்கள். அதிலும் போத்தலிலும் இரசாயனப் பொருளை அடையாளம் காட்டும் சீ.ஏ.எஸ். இலக்கம் 67-56-1, போக்குவரத்துக்கான ஐ.நா. இலக்கம் 1230 இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

மதுவரித் திணைக்களத்துக்கு எழுதிய கடிதமும் அதற்கான பதிலும். அற்ககோல் வகைகளைக் கையாளும் எவரும் இதை எழுத்திலேயே கேட்டு வைத்திருப்பது நல்லது. அளவையும் நோக்கத்தையும் பொறுத்துப் பதில் மாறும், வர்த்தமானிகளும் மாறும். வாயால் சொன்ன பதிலைக் கோப்பில் வைக்க முடியாது.

தொழில் அளவில் செய்வதென்றால் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் பற்றி உங்கள் உள்ளூராட்சி சபையிலும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அலுவலகத்திலும் கேளுங்கள். கட்டடத்தை வாடகைக்கு எடுப்பதற்கு முன்பே கேளுங்கள். வீடுகளுக்கு நடுவே இடத்தை எடுத்துவிட்டுக் கேட்பவர்கள் முற்பணத்தை இழக்கிறார்கள்.

அரச நிறுவனமாயின் விலைமனுக்கள் பெற்று, ஒப்பிட்டு, கொள்வனவுக் கட்டளை எழுதுவதற்கே பல வாரங்கள் போகும். பரிசோதனை தொடங்கும் நாளுக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பு தொடங்குங்கள்.

4. வாங்குவதும் கொண்டுவருவதும்

விலைமனுவில் மூன்றைக் கவனியுங்கள்: 18 வீத வற் வரி சேர்ந்ததா, கொழும்பிலிருந்து வரும் லொறிக் கூலி சேர்ந்ததா, போத்தல் உடைந்து வந்தால் யார் பொறுப்பு. இவை எழுதப்படாத மலிவு விலை, கடைசியில் மலிவாக இருப்பதில்லை. கையுறை, உலர்தூள் தீயணைப்பான், கழிவுக் கான் ஆகியவற்றையும் அதே வரவுசெலவில் சேருங்கள். பிறகு வாங்கலாம் என்று விட்டவை வாங்கப்படுவதில்லை.

பஸ்ஸிலோ ரயிலிலோ மெதனோலைக் கொண்டுவராதீர்கள். பயணப் பைக்குள் ஒரு போத்தல்தானே என்று நினைக்க வேண்டாம். அடைத்த பஸ்ஸுக்குள் 2.5 லீற்றர் உடைந்தால் இறங்குவதற்குக் கூட நேரம் இருக்காது. விற்பனையாளரின் வாகனத்திலேயே வரவழையுங்கள். சொந்த வாகனத்தில் எடுப்பதென்றால் திறந்த பின்தட்டில், போத்தல் முழுவதையும் கொள்ளும் பிளாஸ்ரிக் வாளிக்குள் நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள்.

வந்தவுடன் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரையில்லாத கானில் “ஸ்பிரிட்” என்று மட்டும் எழுதி விற்பதை எக்காரணத்துக்காகவும் எடுக்காதீர்கள். எதனோலா மெதனோலா என்று அடர்த்தியை அளந்து கண்டுபிடிக்க முடியாது, இரண்டும் 0.79 தான். அயடோபோம் சோதனை ஓரளவு உதவும். அயடீனும் சோடியம் ஐதரொட்சைட்டும் சேர்க்க எதனோல் மஞ்சள் வீழ்படிவு தரும், தூய மெதனோல் தராது. ஆனால் எதனோலோடு மெதனோல் கலந்திருந்தாலும் மஞ்சள் வரும் என்பதால், வீழ்படிவு வந்துவிட்டது என்று அதை எதனோல் என நம்பவே கூடாது. மணத்தை வைத்தோ நுனிநாக்கில் தொட்டோ பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

5. வைக்கும் இடம்

பிரதான போத்தல் பூட்டிய இரும்பு அலுமாரிக்குள், தரைமட்டத் தட்டில், தட்டத்துக்குள் இருக்கட்டும். மேசையில் அன்றைய தேவைக்கு 500 மில்லிலீற்றருக்கு மேல் வைக்க வேண்டாம். தகரக் கூரைக்குக் கீழுள்ள களஞ்சிய அறை வேண்டாம். பிற்பகலில் உள்ளே ஏறும் வெப்பத்தில் மூடி தளர்ந்து கசியும். போத்தலையோ கானையோ நிரப்பும்போது பத்தில் ஒரு பங்கு வெற்றிடம் விடுங்கள்.

அலுமினியப் பாத்திரத்தில் வைக்காதீர்கள், அது அரிக்கப்படும். கண்ணாடி, துருவுறா உருக்கு, அடர்த்திகூடிய பொலித்தீன் கான் இவைதான் ஏற்றவை. பொற்றாசியம் பேர்மங்கனேற்று, குரோமியம் மூவொட்சைட்டு, நைத்திரிக்கமிலம், வெளிற்றும் தூள் போன்றவற்றுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். குளோரோபோமும் மெதனோலும் தனியே கலந்தால் பிரச்சினையில்லை. அந்தக் கலவைக்குள் சோடியம் ஐதரொட்சைட்டுப் போன்ற காரம் விழுந்தால் கொதித்துச் சீறும். கழிவுக் கானுக்குள் இது நடப்பதுதான் வழமை.

வீட்டுப் பிறிட்ஜுக்குள் மெதனோல் சாறுகளை வைக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். 4 பாகையில் ஆவி குறைவுதான். ஆனால் கரண்ட் போய் உள்ளே சூடேறும்போது ஆவி நிறையும். கரண்ட் திரும்பி வந்ததும் உள்ளிருக்கும் சுவிச்சில் பொறி பறக்கும். வேறு வழியில்லை என்றால் கரைப்பானை முழுதாக ஆவியாக்கிவிட்டு உலர்ந்த சாறை மட்டும் வையுங்கள்.

6. வேலை செய்யும்போது

காற்றோட்டம்: 3 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரமான மூடிய அறையை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றிலுள்ள மெதனோலுக்கு 8 மணிநேர வேலைக்கான சராசரி எல்லை 200 பிபிஎம். அந்த அறையில் வெறும் 12 மில்லிலீற்றர் மெதனோல் முழுதாக ஆவியானால் அந்த எல்லை வந்துவிடும். ஒரு மேசைக்கரண்டிக்கும் குறைவான அளவு அது. மணம் வருகிறதா என்று காத்திருக்க வேண்டாம். பலருக்கு மணம் தெரியும்போது எல்லை கடந்திருக்கும். ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பியூம் ஹூட் இல்லையெனில் எதிரெதிர் யன்னல்கள் திறந்த இடத்தில், காற்று உங்கள் முகத்திலிருந்து விலகிப் போகும் பக்கம் நின்று செய்யுங்கள்.

கையுறை: மெல்லிய நைத்திரைல் கையுறையை மெதனோல் சில நிமிடங்களிலேயே ஊடுருவும். தெறித்தால் உடனே கழற்றி மாற்றுவதற்குத்தான் அது. கையை நனைக்கும் வேலைக்குப் பியூட்டைல் ரப்பர் கையுறை வேண்டும். விலை கூடினாலும் பலமுறை பாவிக்கலாம். மெதனோல் தோலினூடாகவும் உடலுக்குள் போகும் என்பதால் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

சாறு எடுத்தல்: 10 கிராம் உலர்ந்த இலைத்தூளுக்கு 100 மில்லிலீற்றர் போதுமான தொடக்கம். கரைப்பானைக் கொதிக்கவைத்துத் தூளினூடாகத் திரும்பத் திரும்ப விடும் சொக்ஸ்லெற் கருவியை மின்சூடாக்கியில் மட்டும் வையுங்கள், சுடரடுப்பு அந்த அறையிலேயே இருக்கக்கூடாது. சீராகக் கொதிக்கவைக்கும் கொதிகற்களைச் சூடாக்குவதற்கு முன்பே போடுங்கள். சூடான திரவத்துக்குள் போட்டால் ஒரேயடியாகப் பொங்கும்.

குறைந்த அழுத்தத்தில் கரைப்பானை ஆவியாக்கிப் பிரிக்கும் சுழல் ஆவியாக்கியில் எங்கள் ஊருக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. வழமையான அமைப்பில் நீர்த்தொட்டி 60 பாகை, அழுத்தம் ஏறத்தாழ 337 மில்லிபார், ஆவி 40 பாகையில் வரும். மேல்தாங்கியிலிருந்து வரும் தண்ணீர் பகலில் 30 பாகைக்கு மேல் இருக்கும்போது அந்த ஆவி வடிவாக ஒடுங்காது. மெதனோல் பம்புக்குள்ளும் அறைக்குள்ளும் போகும். வாளியில் ஐஸ் போட்டு, மீன்தொட்டிப் பம்பால் அந்த நீரைச் சுற்றவிடுங்கள். ஒடுக்கியின் மேற்பாதி எப்போதும் உலர்ந்திருக்க வேண்டும். அங்கேயும் துளிகள் தெரிந்தால் அழுத்தத்தை உயர்த்துங்கள்.

எச்.பி.எல்.சி.: 500 மில்லிலீற்றர் நீரையும் 500 மில்லிலீற்றர் மெதனோலையும் தனித்தனியே அளந்து கலவுங்கள். கலந்தபின் கனவளவு 1 லீற்றருக்குக் குறையும், கலவை சூடாகும். குறைந்ததை மெதனோல் விட்டு நிரப்பினால் விகிதம் மாறி, அடுத்த நாள் உச்சங்கள் இடம் மாறி வரும். ஆறவிட்டு, வளி நீக்கிய பின்பே கருவிக்கு விடுங்கள். பாதிக்குப் பாதி அளவில் பாகுநிலை உச்சத்தில் இருப்பதால் அழுத்தம் கூடுவது இயல்பு, கருவியின் நிரல் (பொருட்கள் பிரியும் குழாய்) அடைத்துவிட்டது என்று பதற வேண்டாம். பொசுபேற்றுத் தாங்கல் கரைசல் பாவித்த பின் நேரே தூய மெதனோலுக்கு மாறினால் உப்புப் படிந்து உண்மையாகவே அடைக்கும். இடையில் உப்பில்லாத நீர்–மெதனோல் கலவையால் கழுவுங்கள்.

பயோடீசல்: இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளில் 1 லீற்றர் எண்ணெய்க்கு 200 மில்லிலீற்றர் மெதனோல் என்று இருக்கும். அது சோயா போன்ற எண்ணெய்களுக்கு எழுதியது. தேங்காயெண்ணெயின் மூலக்கூறு சிறிது, ஒரு லீற்றரில் மூலக்கூறுகள் கூட. தாக்கத்துக்குக் கட்டாயம் வேண்டியதே ஏறத்தாழ 170 மில்லிலீற்றர். வழமையான 6:1 மூல் விகிதத்துக்கு (ஒரு எண்ணெய் மூலக்கூறுக்கு ஆறு மெதனோல் மூலக்கூறு) ஏறத்தாழ 340 மில்லிலீற்றர் வேண்டும். 200 விட்டால் தாக்கம் அரைகுறையாக நிற்கும். பாவித்த எண்ணெயை முதலில் 110 பாகைவரை சூடாக்கி நீரை நீக்கி ஆறவிடுங்கள். 1 மில்லிலீற்றர் எண்ணெயை 10 மில்லிலீற்றர் ஐசோபுரோப்பனோலில் கரைத்து, 0.1 வீத சோடியம் ஐதரொட்சைட்டால் நியமிப்பு (துளித்துளியாகச் சேர்த்து அமில அளவை அறிதல்) செய்யுங்கள். செலவான மில்லிலீற்றர் எண்ணிக்கையே ஒரு லீற்றர் எண்ணெய்க்கு மேலதிகமாக வேண்டிய சோடியம் ஐதரொட்சைட்டின் கிராம் எண்ணிக்கை. அதை அடிப்படையான 3.5 கிராமோடு கூட்டுங்கள். காரத்தை மெதனோலில் கரைக்கும்போது சூடேறும், சிறிது சிறிதாகப் போடுங்கள். 55 பாகையில் ஒரு மணிநேரம் கலக்குங்கள், 60 ஐத் தாண்ட விடாதீர்கள். சமையலறை அலுமினியச் சட்டி இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. காரம் அதைத் தின்று ஐதரசனை வெளிவிடும். அடியில் படியும் கிளிசரினிலும் கழுவிய நீரிலும் மெதனோல் மிச்சம் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பாடசாலைச் சுவாலைச் சோதனை: கிண்ணத்தில் உப்பும் மெதனோலும் விட்டுக் கொளுத்தி நிறம் காட்டும் செய்முறையைச் செய்யவே வேண்டாம். அமெரிக்க இரசாயனவியல் கழகம் 2014 இல் அதைக் கைவிடச் சொல்லிவிட்டது. நிக்குரோம் கம்பியை ஐதரோகுளோரிக்கமிலத்தில் தோய்த்து, உப்பைத் தொட்டு, பன்சன் சுடரில் காட்டுங்கள். அதே நிறம் வரும், மெதனோல் ஒரு துளியும் தேவையில்லை.

7. சிந்தினால், பற்றினால், உள்ளே போனால்

சிந்தினால் முதலில் சுவாலைகளை அணையுங்கள். மின்சுவிச்சுகளைத் தொடாதீர்கள், விசிறியைப் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். உலர்ந்த மணலால் மூடி அள்ளி மூடியுள்ள வாளியில் போட்டு வெளியே எடுங்கள். மரத்தூள் வேண்டாம்.

மெதனோல் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. புகையும் இல்லை. வெப்பம் அடிக்கிறது, எதுவும் தெரியவில்லை என்றால் நீண்ட ஈர்க்கு விளக்குமாற்றை முன்னே நீட்டிக்கொண்டு போங்கள், ஈர்க்கு பற்றும் இடத்தில் தீ இருக்கிறது. சிறு தீக்கு உலர்தூள் அல்லது காபனீரொட்சைட்டு அணைப்பான். சாதாரண நுரை மெதனோலில் உடைந்துவிடும், அற்ககோலைத் தாங்கும் நுரைதான் வேண்டும். கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் தீயைப் பரப்புவதாகவே முடியும், ஏனெனில் நாலில் ஒரு பங்கு மெதனோல் உள்ள நீரும் சூடானால் எரியும். கையை மீறினால் தீயணைப்புக்கு 110 ஐ அழைத்து, எரிவது மெதனோல் என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள்.

கண்ணில் பட்டால் ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு வைத்தியசாலைக்கு.

விழுங்கியதில்தான் ஆக்கள் ஏமாறுகிறார்கள். 10 மில்லிலீற்றர் தூய மெதனோல் பார்வையைப் பறிக்கலாம், 30 மில்லிலீற்றர் உயிரையே எடுக்கலாம். ஆனால் முதல் சில மணிநேரம் இலேசான வெறி தவிர எதுவும் இருக்காது. மெதனோலை ஈரல் போமல்டிகைட்டாகவும் பிறகு போமிக்கமிலமாகவும் மாற்ற நேரம் எடுக்கும். 12 முதல் 24 மணிநேரம் கழித்துத் தலையிடி, வாந்தி, வயிற்றுநோ, வேகமான மூச்சு, பனிப்புகாருக்குள் பார்ப்பதுபோன்ற மங்கல் என்பன வரும்போது கண் நரம்பு ஏற்கெனவே தாக்கப்பட்டிருக்கும். சாராயத்தோடு சேர்ந்து போயிருந்தால் அறிகுறி இன்னும் பிந்தும். ஆகவே அறிகுறிக்காகக் காத்திராமல் அம்புலன்ஸுக்கு 1990 ஐ அழைத்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள பெரிய வைத்தியசாலைக்கோ கொண்டுபோங்கள். போத்தலின் லேபிளையும் எடுத்துச் செல்லுங்கள். வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். எதனோல் மாற்றுமருந்தாகப் பயன்படுவது உண்மைதான். ஆனால் அது குருதியில் அளவு பார்த்துக் கொடுப்பது, குருதிச் சுத்திகரிப்போடு சேர்ந்தது. வீட்டில் சாராயம் பருக்கிவிட்டுப் படுக்கவைப்பது நேரத்தைத் தின்னும்.

8. கழிவு

குடாநாட்டில் நாங்கள் குடிப்பது சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் நிலத்தடி நீர். மேலே ஊற்றுவது வெடிப்புகள் வழியாக விரைவாகக் கீழே போகும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது ஊரே பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். மெதனோல் நீரோடு முழுதாகக் கலந்து நகரும், அதில் கரைந்திருப்பவற்றையும் கூட்டிக்கொண்டு போகும். தொட்டியிலோ பின்வளவிலோ ஊற்றாதீர்கள்.

இரண்டு கான் வையுங்கள். ஒன்று மெதனோல், எதனோல், அசற்றோன் போன்றவற்றுக்கு, மற்றது குளோரோபோம் போன்ற அலசன் கலந்தவற்றுக்கு. ஒவ்வொரு முறையும் என்ன, எவ்வளவு, எந்தத் திகதி என்று கானில் ஒட்டிய தாளில் எழுதுங்கள். பெயரில்லாத கழிவை எடுப்பதற்கு ஒருவரும் வரமாட்டார்கள். இப்படியான கழிவுகளுக்கு வர்த்தமானியில் வெளியான ஒழுங்குவிதிகள் பொருந்தும். அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடமே கொடுக்க வேண்டும். ஒரு கானுக்காக வடக்குவரை வாகனம் அனுப்பச் செலவு கூட, ஆகையால் பக்கத்து ஆய்வுகூடங்களோடு பேசி ஒரே நாளில் கொடுக்கும்படி ஒழுங்கு செய்யுங்கள்.

வெறும் போத்தலை மூன்று முறை நீரால் அலசி, அலசிய நீரைக் கழிவுக் கானில் விடுங்கள். லேபிளைக் கிழித்து, போத்தலில் துளையிட்டோ உடைத்தோ அப்புறப்படுத்துங்கள். பழைய போத்தல் வாங்க வருபவரிடம் முழுதாகக் கொடுத்தால் அது நல்லெண்ணெய்ப் போத்தலாக யாரோ ஒருவர் வீட்டுக்குப் போகும். கழிவு ஒப்படைத்த பற்றுச்சீட்டை மூன்றாம் பகுதியில் சொன்ன கோப்பிலேயே வையுங்கள். அடுத்த கொள்வனவுக்குக் கடிதம் எழுதும்போது அதன் பிரதியையும் இணைத்தால் கேள்விகள் குறையும்.